கழற்றிக் காட்டிய குழாய்

எதையும் கழற்றிக் காட்டும் வியாதி எனக்கு உண்டு. கடிகாரம், ஸ்டவ், பூட்டு, தையல் மிஷின், எது கையில் கிடைத்தாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று நாலு பேருக்குக் காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. (திரும்ப மாட்டுவது வேறு சமாசாரம். அதைப் பற்றி என் மனைவி ரீத்தம்மாளிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாள்.) இந்த வியாதியால் வீணாய்ப்போன சாமான்கள் ஏராளம். அவற்றில் எதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை. ஒரே ஒரு பித்தளைக் குழாயைக் கழற்றியதற்காக மட்டும் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

அப்போது யுத்தம் முடிந்திருந்த சமயம். எனக்கு வயது இருபத்திரண்டு. சாந்தோம் பக்கத்துப் பையன். தண்ணீர் இலாகாவில் கத்துக்குட்டி ஓவர்சியர். ஓவர்சியர் என்பது காகிதத்தில் இருந்த பெயர். நிஜத்தில் நான் அளவுச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பவன். ஆனால் காக்கி அரை டிராயர், சோலா தொப்பி, காதில் பென்சில் எல்லாம் உண்டு. கண்ணாடியில் பார்த்தால் செங்குன்றம் ஏரியையே நான்தான் வெட்டினேன் என்று எனக்குத் தோன்றும்.

தியாகராய நகர் அந்த நாளில் மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் நாங்கள் வரப்பில் நடந்துபோன இடத்தில் இந்த மாதம் கிரகப்பிரவேசத்துக்கு வாழைமரம் கட்டியிருப்பார்கள். வீடு கட்டுகிறவர் யாரும் தண்ணீர் வருமா என்று கேட்டுவிட்டுக் கட்டுவதில்லை. கட்டி முடித்து, பால் காய்ச்சிக் குடித்துவிட்டு, அப்புறம்தான் எங்களைப் பிடித்துத் திட்டுவார்கள். பெரிய குழாய் உஸ்மான் ரோட்டோடு நின்றுவிட்டது. அதற்கு மேற்கே அவரவர் கிணறு, அவரவர் அதிர்ஷ்டம்.

நான் சொல்லவந்த தெருவில் முப்பது வீடு. கடைசி வீடு ஞானப்பிரகாசம் வாத்தியாருடையது. எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். மயிலாப்பூரில் காலமெல்லாம் வாடகைக்கு இருந்துவிட்டு, கையில் இருந்ததையெல்லாம் போட்டு இந்த வீட்டைக் கட்டினார். கிணறு அவரை ஏமாற்றிவிட்டது. துருத் தண்ணீர். துவைக்கத் துவைக்க அவருடைய வெள்ளை வேட்டி காவியாகிக்கொண்டே வந்தது. "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க என்னைச் சாமியாராப் போகப்போறேன்னு நினைக்குதுங்க" என்பார்.

அவர் மகள் பிலோமினா. தினமும் காலையில் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக உஸ்மான் ரோட்டு முனையிலிருந்த தெருக்குழாய்க்கு வருவாள். இரண்டு நடை. நான் சங்கிலி பிடித்து நின்றதெல்லாம் அந்த வழியில்தான். (அந்தத் தெருவை மட்டும் ஏழு தடவை அளந்திருக்கிறேன். ஏழு தடவையும் நீளம் வேறு வேறாக வந்தது.) அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குடம் தளும்பி, அவள் நடந்த வழியெல்லாம் மண்ணில் ஈரப் புள்ளியாக விழுந்திருக்கும். அது காய்வதற்குள் அந்தப் பக்கமாக ஒரு நடை போய்வருவேன். அந்தக் குடத்தை வாங்கி ஒரு நாள், ஒரே ஒரு நாள், வீடுவரை சுமக்க மாட்டோமா என்று ஏங்கிக் கிடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது வாத்தியார் என் தோளில் கை போட்டார்.

"தம்பி, இந்தக் கோடைக்குள்ள எங்க தெருவுக்குக் குழாய் வந்தாச் சரி. இல்லேன்னா வீட்டை வித்துட்டுத் திருச்சியில என் தம்பிகிட்டயே போயிடறோம். எம் பொண்ணு படுற பாட்டை என்னால பாக்க முடியல."

அன்றிலிருந்து எனக்கு ஒரே திட்டம்தான். குழாய் வரவேண்டும். வந்தால் அவர்கள் இங்கேயே இருப்பார்கள். கொண்டுவந்தவன் இன்னான் என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம் என் அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிட்டுப் பெண் கேட்க அனுப்ப வேண்டியதுதான்.

ஆனால் யுத்தத்துக்குப் பிறகு இரும்புக் குழாய்க்குப் பஞ்சம். எங்கள் கிடங்கில் இருந்தது ஒரு தெருவுக்குத்தான் காணும். வாத்தியார் தெருவும் அதற்குப் பக்கத்துத் தெருவும் கேட்டுக்கொண்டிருந்தன. எந்தத் தெருவில் பாதிக்கு மேல் வீட்டுக்காரர்கள் 'இணைப்பு எடுத்துக்கொள்கிறோம்' என்று முதலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்களோ அந்தத் தெருவுக்குக் குழாய் என்று எங்கள் பெரிய ஓவர்சியர் சொல்லிவிட்டார். கையெழுத்து வாங்குவது என் வேலையே இல்லை. அந்த வேலையை நானாகப் போய் விழுந்து வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தெருவில் பெரும்பாலும் மயிலாப்பூரிலிருந்து வந்து வீடு கட்டிய பிராமணக் குடும்பங்கள். அவர்களுக்கெல்லாம் பெரியவர் ரிடையர்டு சிரஸ்தார் ஒருவர். கோர்ட்டில் முப்பது வருஷம் மற்றவர்கள் கையெழுத்தைச் சரிபார்த்தவராதலால் தன் கையெழுத்தை லேசில் போட மாட்டார். அவர் போட்டால் தெருவே போடும். ஞாயிறு நாலு மணிக்குத் தன் வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார்.

போகுமுன் ஃபிட்டர் கன்னியப்பனிடம் மாதிரிக்கு ஒரு புதுப் பித்தளைக் குழாய் கேட்டேன். கன்னியப்பன் எனக்குப் பத்து வயது மூத்தவர். சென்னையில் அவர் கை படாத குழாய் கிடையாது. குழாயைக் கொடுத்தார். என் டிராயர் பையில் ஸ்பேனர் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, அது எதுக்கு?"

"சும்மா, எப்படி வேலை செய்யுதுன்னு காட்டலாம்னு..."

"த பாரு. கொயாய காட்டு, கையெத்த வாங்கிக்கினு வந்துகினே இரு. கயட்டாத. அவங்க வூட்ல போய் கயட்டாத. சொல்ட்டேன்."

ஏன் என்று கேட்டிருக்கலாம். ஆனால் டிப்ளமா படித்தவன் ஃபிட்டரிடம் போய் ஏன் என்று கேட்பதா!

கூடம் நிறைந்திருந்தது. உள்கட்டு வாசலில் சிரஸ்தாரின் மனைவியும் மற்றப் பெண்களும் நின்றிருந்தார்கள். வாத்தியார் காவி வேட்டியோடு வந்தார். சாட்சிக்குத் தம் கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடி சீசாவில் பிடித்து மகள் கையில் கொடுத்திருந்தார். பிலோமினா வாசற்படி ஓரமாக அந்தச் சீசாவை மருந்து போலப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடமில்லாமல் அவளை அத்தனை பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அப்புறம் என் மூளை எனக்குச் சொந்தமாக இல்லை.

ஆரம்பம் நன்றாகத்தான் போயிற்று. சீசா கைமாறிச் சுற்றித் திரும்ப அவள் கைக்கே வந்தது. எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள். முதலில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். சிரஸ்தார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பேனாவை மசியில் தோய்த்து, நிப்பைக் காகிதத்தின்மேல் கொண்டுவந்துவிட்டார். அப்போது பேச்சுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"குழாய் சொட்டுச் சொட்டா ஒழுகாதோல்லியோ?"

"ஒழுகாது சார்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் வாசற்படியைப் பார்த்தேன். பிலோமினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒழுகவே ஒழுகாது சார். ஏன் தெரியுமா?" என்று ஸ்பேனரை உருவினேன். மூன்றே சுற்று. குழாயின் தலையைக் கழற்றி, உள்ளேயிருந்த வட்டத்தைப் பிடுங்கி, சிரஸ்தாரின் இடது உள்ளங்கையில் வைத்தேன்.

"இதான் சார் வாஷர். அசல் எருமைத் தோல். எண்ணெயில ஊறப்போட்டது."

கூடத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. என் திறமையைக் கண்டு மலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உள்கட்டிலிருந்து சிரஸ்தாரின் மனைவி, "ஏன்னா, அந்தப் பிள்ளையாண்டான் இப்போ என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

அந்த அம்மாளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று குரலை உயர்த்தினேன்.

"எருமைத் தோல்மா! சில குழாயில மாட்டுத் தோலும் போடுவோம்!"

சிரஸ்தார் பேனாவைக் கீழே வைத்தார். இடது கையைத் தட்டு ஏந்துவது போல முன்னால் நீட்டிக்கொண்டு எழுந்து, நேரே கொல்லைக் கிணற்றடிக்குப் போனார். வாளி விழும் சத்தம் கேட்டது. உடுத்த வேட்டியோடு தலைக்கு ஊற்றிக்கொண்டார். எண்ணிக்கொண்டிருந்தேன், பதினோரு வாளி. அதற்குள் கூடத்தில் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். கையெழுத்துப் போட்ட எட்டுப் பேரும் வரிசையாக வந்து அவரவர் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மசி போதாதென்று இரண்டு தடவை அடித்தார்.

சொட்டச் சொட்டத் திரும்பிவந்த சிரஸ்தார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்பா, நீ நல்ல பிள்ளை" என்றார். "மயிலாப்பூர்ல இருபது வருஷம் நாங்க குழாய் ஜலம்தான் குடிச்சோம். உள்ளே என்னமோ இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆத்துல இருக்கறவளுக்கும் தெரியும். இங்கே உக்காந்திருந்தவா அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் யாரையும் கேட்டுக்கலை. அதனால குடிக்க முடிஞ்சுது. நீ அதை எடுத்து என் கையிலேயே வச்சுட்டியே! இனிமே நான் எப்படித் தெரியாத மாதிரி இருப்பேன்?"

வாசலைப் பார்த்தேன். பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சீசாவில் துருத் தண்ணீர் அவளோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவமானத்தில் செத்துக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு குழாய் இருந்தால் அதையும் கழற்றலாமே என்று இருந்தது.

கன்னியப்பன் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "கயட்டிட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

மறு வாரமே பக்கத்துத் தெருவுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கிடங்கிலிருந்த குழாய் அங்கே போயிற்று. நான் மூர் மார்க்கெட்டில் அலைந்து மிலிட்டரி லாரியின் பழைய டயர்த் துண்டு ஒன்றைப் பிடித்து, கன்னியப்பன் உதவியோடு வாஷர் வாஷராக வெட்டி, சிரஸ்தாரிடம் கொண்டுபோனேன். "ரப்பர் சார். மரத்துப் பால்" என்றேன். அவர் உள்ளே பார்த்து, "மரத்துப் பாலாம்டீ" என்றார். பிறகு என்னிடம், "அதோட நிறுத்திக்கோ" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதும் தெருவே போட்டது. (அந்த டயர் எங்கெங்கே எதன்மேலெல்லாம் உருண்டது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.) ஆனால் அடுத்த குழாய் வர அடுத்த மழைக்காலம் ஆகும் என்றார்கள்.

வாத்தியார் கோடைவரை பார்த்தார். சித்திரையில் கிணறு அடி தட்டியது. வீட்டைத் திருநெல்வேலிப் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்.

எழும்பூருக்கு வழியனுப்பப் போயிருந்தேன். மூட்டை ஏற்றிக் கொடுத்தேன். பிலோமினா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பச் சில நிமிஷம் இருக்கும்போது வாத்தியார், "தம்பி, இதுல கொஞ்சம் தண்ணி பிடிச்சிட்டு வா" என்று ஒரு கூஜாவை நீட்டினார். பிளாட்பாரக் குழாய்க்கு ஓடினேன். பிடித்துக்கொண்டு வந்தபோது வாத்தியார் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். கூஜாவை அவளே கை நீட்டி வாங்கினாள். தெரு முழுக்கக் குழாய் போட்டுக் கொடுக்க நினைத்தவன் கடைசியில் அவளுக்குக் கொடுத்தது அந்த ஒரு கூஜாத் தண்ணீர்தான்.

என்னவெல்லாமோ சொல்ல வந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எண்ணெயில ஊறப்போட்டதுன்னு வேற சொல்லணுமா?"

அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. கடைசி வாக்கியமும் அதுதான். மூன்று மாதமாக அதை மனசில் வைத்திருந்து கேட்டிருக்கிறாள் என்பதே எனக்கு வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. பதிலுக்கு நான் சொன்னது என்ன? போகாதே என்று சொன்னேனா? காத்திரு என்று சொன்னேனா? "விளக்கெண்ணெய்ங்க" என்றேன். என்ன எண்ணெய் என்று விளக்கினேன். வண்டி நகர்ந்துவிட்டது.

மழைக்காலத்தில் குழாய் வந்தது. கடைசி வீட்டு இணைப்பைத் திறக்க நானும் கன்னியப்பனும் போனோம். குழாய் முதலில் இருமியது, பிறகு சிவப்பாகத் துப்பியது, பிறகு தெளிந்த தண்ணீர் கொட்டியது. ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் குழந்தைகள் அதில் நனைந்து கூத்தாடின. நான் ஒரு கை அள்ளிக் குடித்தேன். கன்னியப்பன் என்னையே பார்த்தார்.

"இன்னா நைனா, தண்ணிதான் வந்துட்ச்சே. மூஞ்சி ஏன் இப்டி கீது?"

அந்த வருஷக் கடைசியில் பிலோமினாவுக்குத் திருச்சியில் கல்யாணம் என்று கோயிலில் சொன்னார்கள். இரண்டு வருஷம் கழித்து எனக்கும் ரீத்தம்மாளுக்கும் ஆயிற்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. எருமைத் தோல் கதையை எங்கள் வீட்டில் நான் சொல்வதைவிட அவள்தான் நன்றாகச் சொல்வாள். பதினோரு வாளி அவள் வாயில் இருபத்தொன்றாகிவிட்டது. கேட்கக் கூடாத எதையாவது யாராவது நோண்ட ஆரம்பித்தால் எங்கள் வீட்டில், "விடு, உள்ளே தோல் இருக்கு" என்போம். எங்கள் மருமகள்கள்கூட வந்த மாதமே இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் சீசா பிடித்து நின்ற பெண்ணை நான் கதையில் சேர்த்ததே இல்லை. வாத்தியார் வருவார், அவர் வேட்டி வரும், சீசா வரும். அதைப் பிடித்திருந்த கை வராது.

போன கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது பெரியவன் திடீரென்று கேட்டான்.

"ஏம்ப்பா, கையெழுத்து வாங்கறது உங்க வேலையே இல்லையே. ஞாயித்துக்கிழமை லீவு நாள்ல, தொப்பியும் ஸ்பேனருமா, அந்தத் தெருவுக்காக நீங்க எதுக்கு அவ்வளவு அலைஞ்சீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரீத்தம்மாள் திரும்பாமலே சொன்னாள்:

"அதைக் கேக்காதடா. உள்ளே தோல் இருக்கு."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் குழாயை இறுக்கி மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். அவளுக்கு எப்படித் தெரியும், எத்தனை வருஷமாகத் தெரியும் என்று நான் இதுவரை கேட்கவில்லை.