ஆடியில் செல்ப் எடுத்த வண்டி

மைசூர்ல எந்த ரோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு சரியாத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர்தான். ஒண்ணு மழைத் தண்ணி. இன்னொண்ணு எங்க தெரு மேட்டுக்காரர்.

அவருக்கும் பெத்தவங்க வச்ச பேர் ஒண்ணு இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. சுதந்திரம் வந்த புதுசுல டாக்சி ஓட்டினார். வயசான எருமை மாதிரி பெயிண்ட் வெளுத்த ஒரு வண்டி. அதுல பேட்டரி செத்துப் பல வருஷமாச்சு. செல்ப் பட்டனை அமுக்கினா 'க்ளுக்'னு ஒரு விக்கல் வரும், அவ்வளவுதான். முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்தலாமேன்னு நீங்க கேப்பீங்க. ஒருநாள் சுத்தினார். ஹேண்டில் திருப்பி உதைச்சதுல மணிக்கட்டு ஒடிஞ்சுது. அன்னிக்கே அந்த ஹேண்டிலைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டார்.

அதுக்கப்புறம் அவர் வண்டியை நிறுத்தினா மேட்டுலதான் நிறுத்துவார். பிரேக்கை விட்டா வண்டி உருளும். உருள்ற வேகத்துல கியரைப் போட்டா இன்ஜின் பிடிச்சுக்கும். வாடகைக்கு வீடு பார்க்கப் போனாக்கூட தண்ணி வருதா, காத்து வருதான்னு கேக்க மாட்டார். வாசல் ரோட்டுல ஒரு எலுமிச்சம்பழத்தை வைப்பார். அது உருண்டா குடி வருவார்.

சவாரிக்குக் கூப்பிடறவங்களையும் விட மாட்டார். "நீங்க இறங்கற இடத்துல மேடு இருக்குங்களா?"ன்னுதான் முதல் கேள்வி. சாமுண்டி மலைன்னா முகமெல்லாம் பல்லா இருக்கும். தட்டையான இடம்னா இன்ஜினை அணைக்கவே மாட்டார். ஒரு கல்யாணத்துல முகூர்த்தம் முடிஞ்சு, பந்தி முடிஞ்சு, எல்லாரும் வெத்தலை போடற வரைக்கும் வண்டி மண்டப வாசல்ல உறுமிக்கிட்டே நின்னுது. நாதஸ்வரக்காரர் எழுந்து வந்து, "ரெண்டுல ஒண்ணு வாசிக்கட்டும்"னு சொல்லிட்டார்.

மழைக்காலத்துல உருட்டினாலும் எடுக்காது. காலைல ஏழு மணிக்கு வாசல்ல சத்தம் கேக்கும்: "அம்மிணி, ஒரு கை!"

நாங்க ரெண்டு பேரும் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரங்க. அதனால நான் அவருக்கு அம்மிணி, அவர் எனக்கு அண்ணா. நான் அப்போ வீட்டுல உக்காந்து ஊதுபத்தி உருட்டிக்கிட்டிருந்தேன். கையெல்லாம் கரியும் பசையுமா இருக்கும். அப்படியே ஓடிப்போய்த் தள்ளுவேன். வண்டி முதுகுல என் ரெண்டு உள்ளங்கையும் அச்சாப் பதிஞ்சிருக்கும். ஆம்பளைங்க அஞ்சு பேர் தள்ளி அசையாத வண்டி, நான் கை வச்சா எடுக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன்.

பேட்டரிக்கு சார்ஜ் போடலாம்னா, மார்க்கெட் பக்கம் ஒரே ஒரு கடை. அந்தக் கடைக்கு வழி இறக்கம். நம்ம ஆள் ஒருநாள் இன்ஜின் இல்லாம உருண்டே போய், கடைப் பந்தலைக் காலோட சாய்ச்சுட்டார். "இனிமே உன் பேட்டரி என் வாசலை மிதிச்சா ஆசிட்டை உன் தலைல ஊத்துவேன்"னு சொல்லிட்டார் கடைக்காரர். அந்தக் கதவும் அடைபட்டுச்சு.

ஒரு வருஷம் ஆனி மாசத்துல டாக்சி பெர்மிட் ஆபீஸ்லேருந்து ஒரு இன்ஸ்பெக்டர் எங்க தெருவழியாப் போனார். நாங்க ஆறு பேர் சேர்ந்து தள்றதைப் பார்த்து சைக்கிளை நிறுத்தினார்.

"ஏன்ரீ, இது டாக்சியா, கோயில் தேரா?"ன்னார் கன்னட மரியாதையோட.

மேட்டுக்காரர் பல்லைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் சிரிக்கலை. ஒரு தேதி சொன்னார். எங்க கணக்குக்கு அது ஆடி இருபத்தஞ்சு. அன்னிக்கு ஆபீஸ் மைதானத்துல வண்டி தானா செல்ப் எடுக்கணும். எடுக்கலேன்னா பெர்மிட் போச்சு. மேட்டுக்காரருக்கு வேற தொழில் தெரியாது, அந்த வண்டியை விட்டா வேற யாரும் கிடையாது. அன்னிக்குச் சாயங்காலம் வண்டிக்குள்ளேயே உக்காந்திருந்தார். இறங்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து எங்க தெருமுனைல ஒரு புதுக்கடை எழும்பிச்சு. மேல போர்டு வச்சாங்க. நான் கன்னடப் பள்ளிக்கூடத்துல மூணாவதோட நின்னவ. ஆனா தெருவுல முதல்ல எழுத்துக் கூட்டிப் படிச்சது நான்தான். "பே... ட்ட... ரி... சார்ஜ்!" மேட்டுக்காரர் அப்படியே ரோட்டுல உக்காந்துட்டார்.

கடைக்குக் கூட்டாளிங்க ரெண்டு பேர். ஒருத்தர் கன்னடக்காரர், கரண்ட் வேலை பாக்கற ஒயர்மேன். இன்னொருத்தர் நம்ம தமிழ் சைக்கிள் கடைக்காரர். ரெண்டு பேருமே காலைல வண்டி தள்றவங்கதான். மிஷின் வந்தாச்சு, கரண்ட் வந்தாச்சு.

"எப்பங்க திறப்பு?"ன்னார் மேட்டுக்காரர்.

"இப்ப ஆஷாட மாசம்ரீ. புதுசா எதுவும் தொடங்கக் கூடாது. அமாவாசை போகட்டும்"னார் ஒயர்மேன்.

மேட்டுக்காரர் அன்னிக்கே பேட்டரியைக் கழட்டிக் கொண்டுவந்து, பூட்டின கதவு முன்னாடி வச்சு, சாக்குக்கட்டியால 'ஒண்ணு'ன்னு நம்பர் போட்டார். வேற யாரும் வரிசைல இல்லை. இருந்தாலும் தினம் வந்து கூடவே உக்காந்திருப்பார். மழை வந்தா குடையை பேட்டரிக்குப் பிடிச்சுட்டு இவர் நனைவார். வாசல் பெருக்குவார். போறவர்றவங்களை நிறுத்தி, "அமாவாசைக்கு அடுத்த நாள் வாங்க, ரெண்டாம் நம்பர் தர்றேன்"பார்.

அமாவாசையும் போச்சு. விடிஞ்சதும் தலைக்குக் குளிச்சு, விபூதி பூசிக்கிட்டு வந்து நின்னார். ஒயர்மேன் சாவியை எடுத்தார். சைக்கிள் கடைக்காரர் கையைப் பிடிச்சுட்டார்.

"பொறுங்க. உங்க ஆஷாடம் முடிஞ்சுது. எங்க ஆடி பாதிதான் ஆயிருக்கு. ஆடில கடை திறந்தா என் வீட்டுல என்னை உள்ளே விட மாட்டாங்க. ஆவணி ஒண்ணு வரட்டும்."

ஒயர்மேன் தலைல கை வச்சார். "உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் ஒரே சந்திரன்தானேரீ! மாசம் மட்டும் எப்படி ரெண்டாச்சு?"

அவங்க மாசத்துக்குச் சந்திரன் கணக்கு, எங்க மாசத்துக்குச் சூரியன் கணக்கு. ஒரே கடைக்கு ரெண்டு கெட்ட மாசம். மைசூரைத் தவிர வேற எங்கே நடக்கும்? ஆவணி ஒண்ணுல கடை திறந்தா ஆடி இருபத்தஞ்சுக்கு வண்டி எப்படி எடுக்கும்? நான் மேட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். பார்க்க முடியலை.

நாலஞ்சு நாள் போச்சு. ஆடி இருபத்திமூணு காலைல பேட்டரியைத் தோள்ல தூக்கிட்டு நேரா சைக்கிள் கடைக்குப் போனார். நானும் பின்னாடியே போனேன்.

"ஏனுங்க, புதுசா எதுவும் தொடங்கக் கூடாது, அதுதானுங்க சாஸ்திரம்?"

"ஆமா."

"என்ற வண்டி பழசு. என்ற பேட்டரி அதைவிடப் பழசு. நானும் பழசு. இதுல புதுசு எதுங்க?"

"மிஷின் புதுசுய்யா!"

"மிஷினைத் தொடங்கச் சொல்லலைங்க. ஒத்திகை பாக்கச் சொல்றேன். ஆவணி ஒண்ணுல ஊரே நிக்கும்போது மிஷின் ஓடலேன்னா மானம் யாருதுங்க போகும்? ஒத்திகைக்கு ஏதுங்க ஆடி?"

சைக்கிள் கடைக்காரர் கொல்லைச் சாவியை எடுத்தார். வெளில நின்ன ஒயர்மேன் கைதட்டிட்டார்.

அப்புறம் ஒத்திகை நடந்துது. முன்கதவைத் திறக்கக் கூடாது. கொல்லைக் கதவு வழியா உள்ளே போனோம். தேங்காய் கூடாது, குங்குமம் கூடாது. நான் நல்ல ஊதுபத்தியா ஒரு கட்டு கொண்டு போயிருந்தேன். "கொளுத்தினா அது பூஜை, பூஜை போட்டா அது திறப்பு"ன்னு சைக்கிள் கடைக்காரர் தடுத்துட்டார். கொளுத்தாமலே கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். மிஷின் 'ம்ம்ம்'னு முனகிச்சு. பேட்டரித் தண்ணில சின்னச் சின்னதாக் குமிழ் வந்துது.

"அம்மிணி, மூச்சு விடுது பாரு"ன்னார் மேட்டுக்காரர். அன்னிக்குப் பூரா அது பக்கத்துலயே உக்காந்திருந்தார். சாப்பிடக்கூடப் போகலை.

இருபத்தஞ்சாம் தேதி. தள்ற ஆறு பேரும் மைதானத்துக்குக் கிளம்பினோம், எதுக்கும் துணைக்கு இருக்கட்டும்னு. பட்டனை வீணாக்காம எங்களைத் தள்ளச் சொல்லித்தான் வண்டியை எடுத்தார், ஆனா ஏத்திக்க மாட்டேன்னுட்டார். "பாரம் ஏறினா பேட்டரிக்கு நோகும்." நாங்க நடந்தோம், அவர் பக்கத்துலயே மெதுவா ஓட்டிட்டு வந்தார்.

மைதானம் தோசைக்கல்லு மாதிரி தட்டை. இன்ஜினை அணைக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அணைச்சார். எத்தனையோ வருஷத்துல அவர் தட்டைத் தரைல அணைச்சது அதுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுத்தி வந்து பின்பக்கம் நின்னுட்டார். "இதென்னரீ, ரெண்டு கறுப்புக் கை?"

நான் சட்டுன்னு கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டேன்.

"திருஷ்டிக்குங்க, சார்"னார் மேட்டுக்காரர், கொஞ்சம்கூட யோசிக்காம.

இன்ஸ்பெக்டர் அந்த வண்டியை மேலேயும் கீழேயும் ஒரு தடவை பார்த்தார். இதுக்கா திருஷ்டின்னு நினைச்சிருப்பார். "சரி, எடுங்க."

பட்டனை அமுக்கினார். 'க்ளுக்'. எங்க ஆறு பேர் காலும் தானா முன்னாடி நகர்ந்துது. மறுபடி அமுக்கினார். 'ர்ர்ர்ர்'னு ஒரு சத்தம். நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லை. இன்ஜின் பிடிச்சுது. ஒயர்மேன் சைக்கிள் கடைக்காரரைக் கட்டிப்பிடிச்சு, "ஆடி நல்ல மாசம்ரீ!"ன்னு கத்தினார். இன்ஸ்பெக்டர் காகிதத்துல கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது எல்லாரையும் வண்டில திணிச்சார். ஆம்பளைங்களை ஒருத்தர் மடில ஒருத்தர் உக்கார வச்சுட்டு, ஜன்னலோரம் எனக்கு விட்டார். இத்தனை வருஷம் தள்ளின வண்டிக்குள்ள அன்னிக்குத்தான் நான் ஏறினேன். அரண்மனை ரோட்டுல, நல்ல தட்டையான இடமாப் பார்த்து நிறுத்தி, இன்ஜினை அணைச்சார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"கேளு, அம்மிணி."

அமுக்கினார். எடுத்துது. மறுபடி அணைச்சார், மறுபடி எடுத்தார். "போதும்ரீ, இப்படியே பண்ணினா நாளைக்கே மறுபடி சார்ஜ் போடணும்!"னு யார் மடியிலேருந்தோ ஒயர்மேன் கத்தினார்.

"போதுமா, அம்மிணி?"ன்னு கேட்டார் மேட்டுக்காரர்.

"இன்னொரு தடவை, அண்ணா"ன்னேன்.