இஞ்சினுக்குத் தாய்மாமன் சீர்

எதையும் நன்றாகப் படித்துவிட்டுத்தான் செய்வேன் என்று சொல்கிற ஆளை உங்கள் வண்டிப் பக்கம் விடாதீர்கள். யாரையோ மனதில் வைத்துச் சொல்லவில்லை. அந்த ஆள் நான்தான்.

சூலக்கரையில் ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறேன். கல்லூரி முடித்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது, கேஸ் சிலிண்டர் மாட்டிய தேதி, பல் துலக்கும் பிரஷ் மாற்றிய தேதி, மாமியார் வந்த தேதி, மாமியார் திரும்பிப் போன தேதி (இது மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில்) எல்லாம் அதில் இருக்கும். ஆகவே இந்தச் சம்பவத்தில் கிழமையும் நேரமும் தப்பாது. தப்பியது புத்தி மட்டும்தான்.

என் மனைவி தனலட்சுமியின் தம்பி செல்வம், பட்டாசுக் கம்பெனிகளில் பெட்டி தூக்கும் லோடுமேனாகப் பல வருடம் உழைத்து, ஆறு வருடத்துக்கு முன் ஒரு பழைய பிக்கப் வண்டியைச் சொந்தமாக வாங்கினான். டீசல் வண்டி, டர்போ வைத்தது. சிவகாசியைத் தாண்டி இருந்த ஒரு கம்பெனியில் தீபாவளி சீசன் முழுக்க லோடு ஏற்ற அவனுக்குப் பாஸ் கொடுத்திருந்தார்கள். முதல் வருடம் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் அடுத்த வருடமும் அவனுக்குத்தான். ஒரு நாள் கோளாறு செய்தாலும் அந்த இடத்தில் நிற்க நாலு வண்டிகள் காத்திருந்தன. செல்வத்தின் ஒரே கவலை அந்தப் பாஸ். என் ஒரே கவலை அவனுடைய இஞ்சின்.

கவலை எங்கே தொடங்கியது என்றால், திருத்தங்கலில் மெக்கானிக் காளிராஜின் ஷெட்டில். அவர் ஏர் ஃபில்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து ரப்பர் குழாய்க்குள் நான் விரலை விட்டேன். (யாரும் விடச் சொல்லவில்லை.) விரலில் எண்ணெய் ஒட்டியது.

"இது என்ன எண்ணெய்?" என்றேன், கொலையைக் கண்டுபிடித்தவன் போல.

"ரெண்டு சொட்டு இருக்கத்தான் சார் செய்யும்" என்றார் காளிராஜ், நிமிராமலே. "இஞ்சின் மூச்சு விடுதுல்ல? அந்த மூச்சோட லேசா ஆயிலும் வரும். அதையே திருப்பி உள்ள இழுத்துக்கிடும். கம்பெனிக்காரன் யோசிச்சுத்தான் வச்சிருக்கான்."

கம்பெனிக்காரன் யோசித்திருப்பான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றிலிருந்து வெளிநாட்டு வண்டிக்காரர்கள் இணையத்தில் போடும் சண்டைகளைப் படிக்க ஆரம்பித்தேன். சூப்பர்சார்ஜர் பொருத்திய லாரிக்கு ஆயில் கேட்ச் கேன் வைக்கலாமா வேண்டாமா என்பது அவர்களுடைய சண்டை. கேட்ச் கேன் என்பது ஒரு டப்பா. இஞ்சினின் மூச்சுக்குழாய்க்கு நடுவே அதைப் பொருத்தினால், எண்ணெயை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு காற்றை அனுப்பிவிடும். அவ்வப்போது திறந்து கொட்ட வேண்டும். வைக்காவிட்டால் இஞ்சினுக்குள் கரி படியும் என்றது ஒரு கட்சி. தேவையே இல்லை, கொட்ட மறந்தால் வம்பு என்றது மறு கட்சி. நான் முதல் கட்சியின் வாதங்களை மட்டும் நோட்டில் அழகாகப் பிரதி எடுத்தேன்.

அந்த வண்டிகள் பெட்ரோல் வண்டிகள், நம்முடையது டீசல். அவர்கள் பேசியது சூப்பர்சார்ஜரைப் பற்றி, நம்முடையது டர்போ. (இரண்டும் இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற கருவிகள்தான், ஒன்று இஞ்சினின் பெல்ட்டில் ஓடும், மற்றது புகையின் வேகத்தில் ஓடும். இதைச் செல்வத்துக்கு விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன்.) அவர்கள் ஊரில் பனிக்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்துபோகும். விருதுநகரில் உறைந்து நான் பார்த்த ஒரே பொருள் தேங்காய் எண்ணெய், அதுவும் மார்கழியில் மூன்று நாள். இவை எதுவும் என்னைத் தடுக்கவில்லை.

"அத்தான், வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்றான் செல்வம்.

"ஓடுறப்ப எல்லாம் நல்லாத்தான் மாப்ள இருக்கும்."

"ஓடாதப்பவும் நல்லாத்தான் நிக்குது."

"உனக்கு இஞ்சின் மேல அக்கறையே இல்லை."

"இருக்கு அத்தான். அதான் உங்களைத் தொட விடாம வச்சிருக்கேன்."

ஆனால் அக்கா வீட்டுக்காரர் என்ற மரியாதை ஒன்று இருக்கிறதே, அது அவனைக் கவிழ்த்தது. 'சரி, என்னமோ செய்ங்க, சீசன்ல மட்டும் வண்டியப் படுக்கப் போட்டிராதீக' என்று ஒப்புக்கொண்டான்.

இணையத்தில் விற்ற டப்பா வந்து சேரப் பல நாள் ஆகும். அதற்குள் இஞ்சின் கரியாகிவிடும் என்று என் நோட்டு சொன்னது. தனலட்சுமி குழந்தையோடு மல்லாங்கிணற்றில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பரணில் துழாவியதில், யாரும் எடுத்தே நான் பார்த்திராத ஓர் எவர்சில்வர் தூக்குவாளி கிடைத்தது. மூடி, கைப்பிடி, கச்சிதமான அளவு. கடைத்தெருவில் பாத்திரம் பற்றவைக்கிறவரிடம் கொண்டுபோய், இரண்டு பக்கமும் குழாய் வைக்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், இதுல என்ன காய்ச்சப் போறீக?"

"காய்ச்சவில்லை. பிடிக்கப் போகிறேன்."

"போலீசு பிடிக்காமப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பற்றவைத்தார்.

எண்ணெயை வடிகட்ட, உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் நான்கு உருண்டை திணித்தேன். மூடிக்குக் குக்கரின் பழைய ரப்பர் வளையம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு, வாளியை வண்டியின் முன் மூடிக்குள் கம்பி போட்டுக் கட்டி, குழாய்களை இணைத்தேன். வாளியின் ஒரு பக்கத்தில், பொருத்திய தேதியையும் நேரத்தையும் அழியாத மையில் எழுதினேன். மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை. தீபாவளிக்கு ஒரு வாரம். என் கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்று பதிவு செய்ய, அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுச் செல்வத்தோடு நானும் ஏறிக்கொண்டேன். திருத்தங்கல் தாண்டும்போது லேசாக ஒரு வாடை வந்தது.

"அத்தான், எதுவோ கருகுற மாதிரி..."

"ரோட்டோரம் எவனோ குப்பை எரிக்கிறான்" என்றேன். நோட்டில் அப்படியே எழுதவும் செய்தேன்.

ஒன்பது நாற்பதுக்குக் கம்பெனி கேட் முன்னால் நின்றோம். எங்களுக்கு முன்னே இரண்டு வண்டிகள். அப்போதுதான் எங்கள் வண்டியின் முன் மூடி இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது.

இந்த வட்டாரத்தில் புகையைப் பார்த்து யாரும் நின்று யோசிப்பதில்லை. யோசித்து நின்றவர்களின் படங்கள் பல வீட்டுச் சுவர்களில் மாலையோடு இருக்கின்றன. வாட்ச்மேன் விசிலை ஊதினார். லோடுமேன்கள் சிதறி ஓடினார்கள். முன்னால் நின்ற வண்டிகள் இரண்டும் தடதடவென்று விலகின. செல்வம் கீழே குதித்து முன் மூடியைத் தூக்கினான். வாட்ச்மேனும் இன்னும் இருவரும் சிவப்பு வாளிகளில் இருந்த மணலை இஞ்சின் மேல் கொட்டினார்கள். ஒரு வாளி, இரண்டு வாளி, ஐந்து வாளி.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். (9.42 புகை. 9.43 மணல்.) பழக்கம் விடவில்லை.

உள்ளேயிருந்து ஓடிவந்த போர்மேன், எல்லோரும் அலறும் இடத்தில் சட்டையை உள்ளே விட்டு, கண்ணாடி போட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சார்... நீங்க வர்றீகன்னு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். "ஏலே, சாருக்குச் சேர் கொண்டாங்கலே! கலர் ஒடைங்கலே!"

என்னைச் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பன்னீர் சோடா வந்தது. நான் உட்கார்ந்தேன். (ஏன் உட்கார்ந்தேன் என்று தனலட்சுமி இன்றும் கேட்கிறாள். நாற்காலி போட்டார்கள் என்பது உண்மையான பதில்.)

புகை அடங்கியது. வாட்ச்மேன் குனிந்து மணலைக் கிளறினார்.

"போர்மேன், இங்கன பாருங்க. சோத்து வாளி!"

"என்னது?"

"ஆமா, தூக்குவாளி. ஏம்ப்பா, சோத்து வாளிய உள்ள கொண்டாரக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு? அங்கன சாப்பாட்டு ஷெட்ல வச்சிட்டுத்தானே எல்லாரும் வர்றாக? நீ இஞ்சின்ல ஒளிச்சு வச்சுக் கொண்டாறியோ?"

"சோறு சூடா இருக்கணும்னு வச்சிருப்பான்" என்றான் ஓடித் திரும்பிய லோடுமேன் ஒருவன். பயம் தெளிந்த சிரிப்பு ஒன்று எழுந்தது.

வாட்ச்மேன் வாளியைத் திருப்பி, கட்டைவிரலால் கரியைத் துடைத்தார். பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்த எழுத்து தெரிந்தது. எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார்.

"செல்வி... யாழினி... பிறந்த நாள்... நினைவாக... தாய்மாமன்... மா. செல்வம்... அன்பளிப்பு."

கீழே என் மகள் பிறந்த தேதி, மாதம், வருடம். உலகத்தில் எல்லாவற்றுக்கும் தேதி பார்க்கிற நான் பார்க்காமல் விட்ட ஒரே தேதி.

லோடுமேன்கள் கொல்லென்று சிரித்தார்கள். "இஞ்சினுக்குத் தாய்மாமன் சீர் செஞ்சிருக்காக டோய்! மொய் எழுதுங்க!"

போர்மேன் சிரிக்கவில்லை. "உன் பேருதான போட்டிருக்கு? உன் வாளிதான?"

செல்வம் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் வாங்கிக் குடுத்ததுதான்" என்றான். "லோடு தூக்குன காசுல எம் மருமகளுக்குன்னு பேர் வெட்டிக் குடுத்தது." பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, வேப்பமரத்தடி நாற்காலியில் சோடாவோடு இருந்த என்னைப் பார்த்தான். காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நிலையிலும் அக்கா வீட்டுக்காரர் என்ற மரியாதை.

"பாஸை எடு" என்றார் போர்மேன். "சார் முன்னாலேயே சொல்றேன், இந்த மாதிரி ஆளுகளை நாங்க வச்சுக்கிறதே இல்லை. எழுதிக்கோங்க சார்."

செல்வம் சட்டைப்பையில் கை விட்டான். நான் எழுந்துவிட்டேன்.

"நான் சார் இல்லை" என்றேன். யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நான் எந்த ஆபீசரும் இல்லை. இவனுடைய அத்தான். இதை மாட்டினது நான். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான்."

"அப்ப இம்புட்டு நேரமா என்னத்த எழுதுனீக?"

நோட்டைக் காட்டினேன். போர்மேன் வாசித்தார். '9.41: வாடை குறையவில்லை. குப்பை எரிப்பவர் இங்கேயும் இருக்கலாம்.' நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். நாற்காலி போனது. பாதி குடித்த சோடாவையும் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான்.

காளிராஜ் பைக்கில் வந்து, வாளியைப் பிடுங்கிவிட்டுப் பழைய குழாயை மாட்டினார். "கம்பிநாரை அம்புட்டு இறுக்கி அடைச்சிருக்கீக. இஞ்சினுக்கு மூச்சு முட்டிருச்சு. வாளி மூடியைத் தூக்கிட்டுச் சைலன்சர் குழாய் மேல ஆயிலைத் துப்பிருச்சு. வேற ஒண்ணுமில்ல சார்" என்றார். அந்த 'சார்' வலித்தது. நானும் செல்வமும் சாயங்காலம் வரை ஸ்பூனாலும் பிரஷ்ஷாலும் இஞ்சினிலிருந்து மணல் அள்ளினோம்.

பாஸ் பறிபோகவில்லை, ஆனால் தீபாவளி வரை லோடு கிடையாது என்று போர்மேன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சீசனின் உச்சமான அந்த ஒரு வாரம், செல்வத்தின் இடத்தில் வேறொரு வண்டி ஓடியது. அவன் திருத்தங்கல் அச்சகங்களில் காலண்டர் கட்டு ஏற்றினான். அடுத்த வருடம் கூப்பிட்டார்கள், இரண்டு நிபந்தனைகளோடு. கேட்டில் முன் மூடியைத் திறந்து காட்ட வேண்டும். அத்தான் வரக்கூடாது. இரண்டும் இன்றுவரை அமலில் இருக்கின்றன. மற்ற வண்டிகள் நேராக உள்ளே போக, இவன் மட்டும் திறந்து காட்டுவான். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்பாராம்.

தனலட்சுமி அந்த வாளியைப் புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். துளைகள் போகவில்லை. என்னோடு பேச அவளுக்குப் பதினாறு நாள் ஆனது. (குறித்து வைத்திருக்கிறேன்.) செல்வம்தான் முதலில் சிரித்தவன். "விடுக்கா, பாத்திரத்துக்குத்தான அத்தான் பைப் வச்சாரு, உனக்கு வைக்கலையே" என்றான்.

போன தை மாதம் யாழினிக்குக் காது குத்தினோம். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு, கண்ணில் படும் எழுத்தையெல்லாம் உரக்கப் படிக்கிற பருவம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் கொண்டுவந்த சீர்த் தட்டிலிருந்து ஒரு புதுத் தூக்குவாளியை எடுத்தாள். மல்லாங்கிணறு சொந்தங்கள் அத்தனை பேரும் சுற்றி இருந்தார்கள். வெட்டியிருந்த எழுத்தின் மேல் விரல் வைத்து வாசித்தாள்.

"யாழினிக்கு... தாய்மாமன்... அன்பளிப்பு." நிறுத்தி, கீழ் வரிக்குப் போனாள். "வண்டியில்... மாட்டுவதற்கு... அல்ல."

"அப்பா, எந்த வண்டியில?" என்றாள்.

தட்டில் பதினோரு பாத்திரங்கள் இருந்தன, எல்லாவற்றிலும் அதே இரண்டு வரி. ஒவ்வொன்றையும் எடுத்து, முழுசாக வாசித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள்.