ஒற்றைக்கை வீரனின் பேட்ஜ்

ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியை அன்றைக்குக் கைப்பற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். பன்னிரண்டு வருடமாக அதில் மனைவியின் பீங்கான் கோப்பைகள் வீற்றிருந்தன. நான் உயிரைக் கொடுத்துச் சேர்த்த பழைய ராணுவ பேட்ஜ்களோ கட்டிலுக்கு அடியில், பிஸ்கட் டப்பாவில். அலமாரியை அவற்றுக்கு விட்டுக்கொடுக்கும்படி அவளிடமே கேட்டேன்.

"ஏங்க, அதெல்லாம் எந்தக் காலத்துதுன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியுமா?"

"பார்த்த மாத்திரத்துல சொல்லுவேன்."

"நான் ஒண்ணு தர்றேன். எந்தக் காலம், யார் கையில என்ன பாடுபட்டுச்சு, எல்லாம் சரியாச் சொன்னா அலமாரி உங்களுக்கு. தப்பாச் சொன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

என் முதுகுக்குப் பின்னால் போனவள் மூடிய கையோடு வந்து ஒரு தொப்பி பேட்ஜை மேஜையில் வைத்தாள்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். பித்தளை. நடுவில் ஊதுகொம்பு, மேலே கிரீடம். பிரிட்டனில் அப்போது ஆண்டது ராஜாவா ராணியா என்று கிரீடத்தின் வளைவே காட்டிக்கொடுத்துவிடும். இது ராஜா.

"நூறு வருஷத்துக்குக் குறையாது."

"அடேயப்பா!"

"முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. விஷயமெல்லாம் முதுகுலதான்."

திருப்பினேன். பின்னால் இரண்டு வளையங்கள். அவற்றில் செருகும் கம்பியைக் காணோம். அதற்குப் பதிலாக ஓர் ஊக்கு, நீல நூலால் தாறுமாறாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"போர்க்களத்துல நடந்த ரிப்பேர் இது! கம்பி தொலைஞ்சிருக்கு. சட்டையிலேர்ந்து நூலை உருவிக் கட்டியிருக்கான்."

"ஐயோ பாவம்."

"முடிச்சைப் பாரு. ஒரே கையால போட்டது. இன்னொரு கையில குண்டடி பட்டிருக்கணும்."

முகம் தெரியாத அந்த வீரனுக்காக உண்மையிலேயே வருந்தினேன். அவள்கூட உச்சுக்கொட்டினாள். கோப்பைகளைச் சமையலறையில் எங்கே அடுக்குவது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

"அவ்வளவுதானே? கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

திரும்பினேன். ஜன்னலின் இடப்பக்கத் திரைச்சீலையை ஒதுக்கிப் பிடித்தபடி ஒரு பேட்ஜ் மின்னியது. அதே கொம்பு, அதே கிரீடம், ஓரத்தில் துருத்திய அதே நீல நூல். வலப்பக்கத் திரை மட்டும் அவிழ்ந்து தொங்கியது.

"ரெண்டும் உங்க டப்பாவிலேர்ந்து எடுத்ததுதான். கம்பி எங்கேயோ விழுந்துடுச்சு, ஊக்கு வச்சு நூலால நான்தான் கட்டினேன். ஒரு வருஷமா அதுக்கு எதிர்லதான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறீங்க."

"அப்போ... அந்த ஒரு கை?"

"அது மட்டும் சரிங்க. இன்னொரு கையில உங்க காபி இருந்துச்சு."