ஒழுங்கைக்குக் கேட்ட பாதி விவாதம்

பூமியில் உயிர் எப்படித் தோன்றியது என்று வாதாடப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒரேயோர் அறிவுரைதான் உண்டு. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வாதாடாதீர்கள். எதிராளியின் கேள்வி உங்களுக்கு மட்டும் கேட்கும். நீங்கள் கத்துகிற பதில் ஊருக்கே கேட்கும். கேள்வி இல்லாமல் தனியாகத் திரிகிற பதிலைப் போல ஆபத்தான சாமான் வேறில்லை.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. (புத்தகத்தில் படித்ததை எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். பிரச்சினையே அங்கேதான் தொடங்கியது.)

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். வாப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடற்கரைக்குப் போனவர். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்பவர். உம்மா அதற்கும் முன்பே பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டவர். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் உயர்தரப் பரீட்சை மண்டபத்துக்குள் கால்வைத்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்று சொன்னால் அடக்கமாக இருக்கும். உண்மையில், பெருமைக்குள் நான் கொஞ்சம் இருந்தேன். கறியில் உறைப்புக் கூடிவிட்டது என்று உம்மா சொன்னால், நாக்கு ஏன் எரிகிறது என்று நரம்பிலிருந்து தொடங்குவேன். நான் மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் கறி ஆறிவிடும்.

கொரோனா ஊரடங்கு தளர்ந்து கடைகளெல்லாம் திறந்து, பல்கலைக்கழகம் மட்டும் திறக்காமல் இருந்த காலம் அது. சூமில் ஒரு விவாதப் போட்டி வைத்தார்கள். எங்கள் அணி இறுதிக்கு வந்துவிட்டது. தலைப்பு: உயிரின் தோற்றத்தையும் கூர்ப்பு எனும் பரிணாமத்தையும் விஞ்ஞானத்தால் விளக்க முடியுமா? சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு ‘முடியும்’ விழுந்தது. கடைசிப் பேச்சாளர் நான்.

கல்முனைக்குடியில் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையில், அந்தக் குறுகிய சந்தில், வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீட்டில் துஆக் கேட்பார்கள். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. மேலே, பாதியில் நின்ற மாடியில், கறுப்புத் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும் வரும். அந்த மாடிக்கு நான்கு தூண், அரைச் சுவர், கைபிடியில்லாத படி. எனக்குச் சீதனமாகக் கட்டப்படும் வீடு அதுதான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கிற அளவுக்கு, சிலவேளை அதைவிடக் கவனமாக, வீட்டையும் பார்ப்பார்கள்.

அந்த நாட்களில் மருதமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிவந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு பார்மசியில் வேலை. அதுவரை வந்த சம்பந்தக்காரர்கள் எல்லோரும் “படிச்சது போதும்” என்றவர்கள். இந்த மாப்பிள்ளையின் உம்மா, ஜெமீலா மாமி, “புள்ள படிப்ப முடிக்கட்டும், எங்களுக்கு என்ன அவசரம்” என்றிருந்தார். வாப்பாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. சம்பந்தம் முடிவானால், பெண்ணைத் தூர இடத்துக்குப் படிக்க அனுப்பிக் கெடுத்துவிட்டான் என்று யாரும் வாய் திறக்க முடியாது. கம்பஸ் திறந்ததும் என்னைச் சந்தோசமாகப் பஸ் ஏற்றிவிடுவார். எனக்குப் பின்னால் உயர்தரத்தில் உயிரியல் படிக்கக் காத்திருந்த தங்கச்சி ஹஸ்னாவுக்கும் வழி திறக்கும்.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னவர்கள், வராமல், சனிக்கிழமை பகல் போன் எடுத்தார்கள். “இண்டைக்கு அசருக்குப் பொறவு வாறம்.”

என் இறுதிப் போட்டியும் அசர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம்தான்.

“உம்மா, நான் போட்டிய விட ஏலாது.”

“ஆரு உன்ன விடச் சொன்ன? நீ மேல நிண்டு கத்து. நான் கீழ தேத்தண்ணி குடுத்து மெல்லமாக் கதைச்சிட்டு இரிக்கன். முடிஞ்சோடன முகத்தக் கழுவிட்டு இறங்கி வா.”

திட்டம் அருமையாக இருந்தது. வருகிறவர்கள் பார்க்க வருவது மேல்வீட்டைத்தான் என்பது எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. (ஒரு மூளை உயிரியல் படித்தது.)

கீழே நடந்ததை எல்லாம் ஹஸ்னா எனக்குப் பிறகு நடித்துக் காட்டினாள். நான் கடலைப் பார்த்தபடி, படிக்கு முதுகைக் காட்டி நின்றேன். கடற்காற்று பலமாக வீசியது. எதிரணிக்குக் கேட்கவேண்டும் என்று நான் அதைவிடப் பலமாக வீசினேன்.

“ஆம்! நம் மூதாதையர் கடலில் இருந்தார்கள்! மீனின் செட்டைதான் நம் கையாக வளர்ந்தது!”

மதிலுக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பளீலா மாமி நிமிர்ந்து பார்த்தார். “என்னகா புள்ள, ஆரோட சண்டை?”

என் காதில் எதிரணிப் பையன் வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் பதில் சொன்னேன்: “இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் நீங்கள் கொஞ்சம் வாசித்திருக்க வேண்டும்!”

பளீலா மாமியின் கையிலிருந்த புருசனின் ஈரச் சாரம் அப்படியே நின்றது. “வாசிக்கத் தெரியாட்டி ஒரு கேள்வியும் கேக்கப்படாதா இப்ப?” என்றார், ஒழுங்கைக்கே பொதுவாக. ஒழுங்கை முனையில் தையல்கடை வைத்திருக்கும் கலீல் காக்கா (எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன்) அளவு நாடா கழுத்தில் தொங்க வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் அரைவாசி தைத்த உடுப்போடு ஒருவர் வந்தார்.

இந்த நேரத்தில்தான் மருதமுனை ஆட்டோ வந்து நின்றது. ஜெமீலா மாமி, அவருடைய தங்கச்சி, கையில் அப்பிளும் முந்திரிகையும் உள்ள பை. உம்மா கதிரையைத் துடைத்துக்கொண்டே, “இரிங்க, தேத்தண்ணி...” என்றார்.

“தேத்தண்ணி பொறவு குடிப்பம். முதல்ல மேலப் பாத்திட்டு வாறம்,” என்றார் ஜெமீலா மாமி.

உம்மா படியை மறித்து நின்றாராம். ஆனால் சம்பந்தி ஆகப்போகிறவரை எவ்வளவு நேரம் மறிப்பது? அவர்கள் ஏறினார்கள். கடைசிப் படியில் ஜெமீலா மாமி கால் வைத்து, அன்பாக, “அஸ்ஸலாமு அலைக்கும் மகள்” என்ற அதே கணத்தில் நான் விரலை நீட்டி முழங்கினேன்:

“உங்களுக்கும் ஒரு காலத்தில் வால் இருந்தது! தொட்டுப் பாருங்கள், அந்த எலும்பு இன்னும் இருக்கிறது!”

ஜெமீலா மாமியின் தங்கச்சி தன்னையறியாமல் கையைப் பின்னால் கொண்டுபோனார் என்று ஹஸ்னா சத்தியம் பண்ணுகிறாள்.

ஏதோ உள்ளுணர்வில் நான் திரும்பினேன். அபாயா அணிந்த இரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் முகம் வெளிறிய உம்மா. கீழே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிற வாப்பா. மதில் நெடுகத் தலைகள். என் பேச்சு முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

புத்தியுள்ள பெண் அந்த இடத்தில் போனை அணைத்துவிட்டு ஸலாத்துக்குப் பதில் சொல்லியிருப்பாள். நான் ஜெமீலா மாமியைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினேன். காத்திருக்கட்டுமாம். பிறகு மறுபடி கடலைப் பார்த்துத் திரும்பி, என் வாழ்க்கையின் மிகச் சிறந்த இரண்டு நிமிடங்களைப் பேசினேன். காலில்லாத திமிங்கிலத்தின் இடுப்பெலும்பு, ஆதிக்கடல், மின்னல், அமினோ அமிலம், ஒன்றையும் விடவில்லை. “சேற்று நீரில் தொடங்கிய பயணம் இந்த மேடையில் வந்து நிற்கிறது, நடுவர் அவர்களே, நன்றி!” என்று முடித்து இயர்போனைக் கழற்றினேன்.

மேடையில் அப்போது இருந்தது நானும் தண்ணீர்த் தாங்கியும் சீமெந்துப் பையொன்றும்தான்.

படியில் நின்றவர்கள் மேலே ஏறி வந்தார்கள். பிறகு ஜெமீலா மாமி, கோபமே இல்லாமல், ஒரு தாய் பிள்ளையின் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்க்கிற குரலில் கேட்டார்: “மகள், நீ செல்றதெல்லாம் மனசால நம்புறியா?”

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பரீட்சையில் கேட்க மாட்டார்கள்.

“மாமி, சீட்டுல எனக்கு இந்தப் பக்கம்தான் விழுந்திச்சு. ஆனா படிச்சதப் பொய் எண்டும் செல்ல மாட்டன். படைச்சவன் அல்லாஹ்தான், அதுல எனக்குச் சந்தேகமில்ல. எப்பிடிப் படைச்சான் எண்டதத்தான் நான் படிக்கிறன்.”

ஜெமீலா மாமியின் முகம் இளகியது. சத்தியமாக இளகியது, நான் பார்த்தேன். கையிலிருந்த அப்பிள் பையை என் பக்கம் நீட்டக்கூட நீட்டினார். அந்த நேரத்தில் உம்மாவுக்கு என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றிவிட்டது.

“ஓம் தங்கச்சி, இது சும்மா போட்டிதானே! இவளுக்கு மற்றப் பக்கத்தக் குடுத்திருந்தாலும் இவள்தான் வெல்லுவாள். எந்தப் பக்கத்தக் குடுங்க, வாயால இவள வெல்ல ஒருத்தராலயும் ஏலா!”

அப்பிள் பை திரும்பிப் போனது.

அவர்கள் மரியாதையாகத் தேநீர் குடித்தார்கள். மரியாதையாகப் போனார்கள். மறுநாள் தரகர் மூலம் பதில் வந்தது: படி ஒடுக்கமாம். (ஏறும்போது தாராளமாக இருந்த படி, இறங்கும்போது ஒடுங்கியிருக்கிறது.) உண்மையான காரணத்தைப் பளீலா மாமிதான் எங்கிருந்தோ கறந்துகொண்டு வந்தார். மீனோ வாலோ அவர்களுக்குப் பிரச்சினையில்லையாம். “அந்தப் பொடியன் வாய் துறக்காத பொடியனாம். இவள் ரெண்டு பக்கமும் நிண்டு வெல்லுவாளெண்டா அவன் எந்தப் பக்கத்துல நிக்கிற எண்டு தாய்க்காரி கேக்குறா. ஞாயந்தானேகா?”

போட்டியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி இரண்டு நிமிடமும் என் லைன் அறுந்துபோய்க் கிடந்திருக்கிறது. நடுவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. தோற்றுவிட்டோம். திமிங்கிலத்தின் இடுப்பெலும்பு கல்முனைக்குடிக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்தது நன்றாகவே போய்ச் சேர்ந்தது. வாப்பா மீன்பெட்டியைத் திறந்தால், “காக்கா, இந்தச் சூரை உங்களுக்கு என்ன முறை? சாச்சாவா, மாமாவா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். பகிடிதான். ஆனால் பகிடிக்குப் பின்னால், கம்பஸுக்குப் போய்ப் பிள்ளையின் ஈமான், மார்க்க நம்பிக்கையே, போய்விட்டதாம் என்ற கதையும் மெல்ல நடந்து வந்தது. பல்கலைக்கழகம் திறக்கப்போகிறது என்று செய்தி வந்த அன்று வாப்பா சோற்றைப் பிசைந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “உன்ன நான் நம்புறன் மகள். ஆனா ஹஸ்னாவும் இரிக்காள். இந்தக் கதை அடங்கட்டும். இப்ப போகத் தேவயில்ல.”

உலகத்தில் யாரோடும் வாதாடுவேன் என்று திரிந்தவள் நான். அன்று கறிச்சட்டிக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

வழி சொன்னது ஹஸ்னா. “ஒழுங்கைக்குப் பாதிதானே கேட்ட? மற்றப் பாதியையும் கேக்கச் செல்லு, ராத்தா.”

அடுத்த நாள் அசருக்குப் பிறகு நான் மறுபடி மேலே ஏறினேன், இயர்போன் இல்லாமல், கடலுக்கு முதுகைக் காட்டி, ஒழுங்கையைப் பார்த்து. வாப்பா பிளாஸ்டிக் கதிரை போட்டு வாசலில் உட்கார்ந்தார். எதிரணி எனக்கு எதிராகச் சொன்னதை எல்லாம் சொன்னேன். உயிரில்லாததிலிருந்து உயிர் வந்ததை யாரும் கண்ணால் கண்டதில்லை, அந்த முதல் உயிரைப் பற்றி விஞ்ஞானிகளே இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், படைத்தவனை ஆய்வுகூடத்தில் அளக்கவும் முடியாது மறுக்கவும் முடியாது என்றேன். நன்றாகத்தான் பேசினேன். கீழே தலைகள் ஆடின. வாப்பாவின் தோள் மெல்லத் தளர்ந்தது. கதை அங்கேயே அடங்கியிருக்கும்.

கலீல் காக்கா கையை உயர்த்தினார். “எல்லாம் சரி புள்ள. அப்ப அண்டைக்குச் சொன்ன திமிங்கிலத்துட இடுப்பெலும்புக்கு என்ன பதில்?”

“அது... அதுக்கு இந்தப் பக்கத்துல பெரிசாப் பதில் இல்ல காக்கா.”

“அப்ப அண்டைக்குச் சொன்னதுதான் ஸ்ட்ரோங்!”

“என்ன கதை இது?” என்று எழும்பினார் பளீலா மாமியின் புருசன். “அந்த முதல் உயிர் எங்கயிருந்து வந்த எண்டதுக்கு நீங்க பதில் செல்லுங்க பாப்பம்!”

“நான் தையல்காரன், எனக்கென்ன தெரியும்? அவளக் கேளுங்க!”

“அவள் ரெண்டு பக்கமும் செல்றாளே!”

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை ஒழுங்கை இரண்டாகப் பிளந்து நின்றது. தொழுதுவிட்டு வந்து மறுபடி பிளந்தது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் மேலே நின்று ஒருவர் முகம் மாறி ஒருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈமான் போய்விட்டது என்று என்னைப் பற்றிச் சொல்ல யாருக்கும் நேரமிருக்கவில்லை. அடுத்த நாளும் அதே கதை. கலீல் காக்கா ஒருவருடைய கழுசானை அளவு மாறித் தைத்துவிட்டார். பளீலா மாமியின் வீட்டில் சோறு அடிப்பிடித்தது.

கடைசியில் ஒழுங்கைக்காரர்கள் நாலைந்து பேராக வாப்பாவிடம் வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“காக்கா, இவள எப்ப கம்பஸுக்கு அனுப்புறீங்க?”

“ஏன், என்ன?” என்றார் வாப்பா, பயந்துபோய்.

“கெதியா அனுப்புங்க. படிச்சிட்டு வந்து ஒரு முடிவச் செல்லட்டும். இல்லாட்டி இந்த ஒழுங்கையில ஒருத்தரும் நிம்மதியா இரிக்க ஏலா.”

வாப்பா என்னைப் பஸ் ஏற்றிவிட்ட அன்று பாதி ஒழுங்கை வழியனுப்ப வந்தது. இரண்டு கட்சியும் வந்தன.

இப்போது நான் படித்து முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். முடிவு ஒன்றும் கொண்டுவரவில்லை என்று கலீல் காக்காவுக்கு இன்னும் குறை. ஹஸ்னா என் பாதையில்தான் போகிறாள். ஆனால் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு சட்டம் உண்டு: யார் போனில் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டே பேசவேண்டும். மற்றவன் என்ன கேட்கிறான் என்று நாங்களும் கேட்க வேண்டுமாம், வாப்பாவின் கட்டளை.

அண்மையில் எனக்குச் சம்பந்தம் ஒப்பாகியிருக்கிறது. மாப்பிள்ளை நன்றாகக் கதைக்கிற ஆள். போன கிழமை போன் எடுத்தவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: “நீங்க ஒருக்கா ஊர்ல எல்லாருக்கும் வால் இருந்த எண்டு செல்லிட்டீங்களாம். மெய்யா?”

நான் வாய் திறப்பதற்குள் குசினி அடுப்படியிலிருந்து உம்மா கத்தினார்: “அது சீட்டுல விழுந்த பக்கம் மகன்!”

மதிலுக்கு அப்பாலிருந்து பளீலா மாமியின் குரல் வந்தது: “மற்றப் பக்கத்தையும் கேட்டுப் பாருங்க தம்பி. ஆனா அது அவ்வளவு நல்லா இல்ல!”