பெண் பார்க்கப் போய் பானெட்டைத் திறந்தவன்

பெண் பார்க்கப் போகிறவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அறுபதுகளின் தொடக்கத்தில், எலக்ட்ரிகல் டிப்ளமா வாங்கிய சூட்டோடு ஸ்ரீரங்கத்தில் பெண் பார்க்கப் போன எனக்கு இது தெரியவில்லை.

எடமலைப்பட்டி புதூரிலிருந்து அம்மாவும் நானும் சித்தப்பாவின் பழைய காரில் அவரோடு போனோம். பெண் பெயர் சரோஜா. அவள் அப்பா திருச்சி ஜங்ஷனில் டாக்சி ஓட்டுகிறவர். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் நல்லபடியாக முடிந்தன. சரோஜா என்னை இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தாள். (மூன்று முறை என்று இன்றும் வாதாடுகிறேன்.)

வீட்டார் மொத்தமும் வழியனுப்ப வாசலுக்கு வந்தார்கள். சித்தப்பா சாவியைத் திருப்பினார். கார் முனகக்கூட இல்லை.

"நான் பாக்கட்டுங்களா?" என்றார் சரோஜாவின் அப்பா.

"நீங்க இருங்க மாமா. இது எலக்ட்ரிகல் ஃபால்ட். என் சப்ஜெக்ட்." (சம்பந்தம் பேசி முடிக்கும் முன்பே மாமா!)

பானெட்டைத் திறந்தேன். நான் படித்தது மில்லில் ஓடுகிற பெரிய மோட்டார்களைப் பற்றி. கார் இன்ஜினை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

வாசற்படியிலிருந்து சரோஜா மெதுவாகக் கேட்டாள்: "ஹாரன் அடிக்குதான்னு பாத்தீங்களா?"

"ஹாரன் வேற லைனுங்க, இன்ஜின் வேற லைன்" என்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். பிறகு பிளக் ஒயர்கள் நான்கையும் பிடுங்கி, புது வேட்டி நுனியால் துடைத்து, தோன்றியபடி திரும்பச் செருகினேன். முன்னால் ஸ்டார்ட் செய்கிற கம்பியை மாட்டிச் சுற்றினேன். கார் அசையவில்லை; என் சட்டைதான் கக்கத்தில் கிழிந்தது. அரை மணியில் தெருவே கூடிச் சிரித்தது. அம்மா கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போதும்டா" என்றார் சித்தப்பா.

சரோஜாவின் அப்பா வந்து ஹாரனை அழுத்தினார். சத்தமே இல்லை. நேராக பாட்டரியிடம் போனார். பச்சையாகப் பூத்துக் கிடந்த முனையில் ஒயர் லொடலொடவென்று ஆடியது. கத்தியால் சுரண்டி, முறுக்கினார்.

"கரண்டே வரலீங்க தம்பி. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

'இருந்தது' என்பது சரி. சித்தப்பா மறுபடி சாவியைத் திருப்பியதும் அணுகுண்டுபோல் ஒரு வெடி. பின்னால் நின்ற சரோஜாவின் அத்தைமார்களின் பட்டுப்புடவை மீதெல்லாம் கரும்புகை. எதிர் வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் ஒயர்களை இடம் மாற்றிச் செருகியிருந்தேன். சரோஜாவின் அப்பா நான்கையும் வரிசையாக மாட்டினார். கார் சமர்த்தாகக் கிளம்பியது.

காவிரிப் பாலம் தாண்டியதும், "இனிமே ஸ்ரீரங்கம் பக்கமே தலை காட்ட முடியாது" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் சம்மதம் என்று தகவல் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு சரோஜாவிடம் காரணம் கேட்டேன்.

"அப்பா வேணாம்னுதான் சொன்னாரு. ஆனா அத்தனை பேரு சிரிச்சும் நீங்க ஒருத்தர் மேலயும் எரிஞ்சு விழலை. அதான்."

அதன்பின் முப்பது வருஷம் மின்சார இலாகாவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன். வீட்டில் ஃபியூஸ் போனால் மட்டும் சரோஜாதான் ஸ்டூல் போட்டு ஏறுகிறாள். பேரப்பிள்ளைகள் வருகிறவர்களிடம் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள்:

"எங்க தாத்தா பெரிய கரண்ட் இன்ஜினியர். பாட்டிக்கு டார்ச் பிடிப்பாரு."