கொல்லைப்புறத்து ஈயம் குறித்து மாப்பிள்ளைக்கு

மண் ஆராய்ச்சியில் நாளுக்கு நாள் பெயரெடுத்துவரும் மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, என் முழங்கால் வலி மூவரும் நலம். பேத்தி கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிறாளாமே, கெட்டிக்காரி!

நிற்க. கொல்லையில் முன்பு பேட்டரிப் பட்டறை இருந்ததால் மண்ணில் ஈயம் ஊறியிருக்கிறது, அது கொஞ்சமாவது இறங்கினால்தான் குழந்தையோடு வருவோம் என்று போன வருடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பேத்தியை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன், அதிலும் பாதி நேரம் அவள் காது மட்டும்தான் தெரிகிறது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஈயத்தைக் கட்டிப்போட நடைபாதை ஓர மண்ணில் சுண்ணாம்பும் கரித்தூளும் கலந்தேன். அன்றைக்குப் பார்த்தா காற்று அடிக்கணும்? பக்கத்து வீட்டுத் தையல்காரர் காயப்போட்ட கறுப்புக் கோட்டு பத்தும் வெள்ளையாகி, அவர் என்னை இன்றுவரை "பெயிண்டர் சார்" என்றுதான் கூப்பிடுகிறார். மற்ற இடமெல்லாம் ஈயத்தை உறிஞ்சியெடுக்கச் சூரியகாந்தியும் கடுகும் விதைத்தேன். கடுகுக்கீரை தளதளவென்று வந்ததும் உங்கள் அத்தை முறத்தோடு கிளம்பிவிட்டாள். "ஈயம் குடிச்ச கீரைடி!" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டுவிட்டது. உடனே "இந்தச் செடிகள் விஷம்" என்று பலகை மாட்டினேன். ஒரு பூ கேட்டால்கூடக் கொடுக்க மனசில்லாத கஞ்சன் என்று தெருவே பேசிக்கொண்டது. பலகை படிக்கத் தெரியாத ஆடு ஒன்று உள்ளே வந்து நாலு இலையை மென்றது. அதன் சொந்தக்காரரிடம், "ஒரு வாரத்துக்குப் பாலைக் கறந்து கொட்டிடுங்க" என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாக, "அது கிடா சார்" என்றார்.

போகட்டும். முப்பத்திரண்டு வருடம் சாமான் கிடங்கு பார்த்தவன் நான், பொறுப்பைக் கொடுத்தால் முடிக்காமல் விடமாட்டேன். முற்றிய செடிகளை வேரோடு பிடுங்கியாயிற்று. கொல்லையில் ஒரு தண்டுகூட மிச்சமில்லை. மண்ணும் இப்போது கறுகறுவென்று, பொலபொலவென்று, பார்க்கவே ஆசையாக இருக்கிறது. ஈயம் ஓடியே போயிருக்கும். தயங்காமல் டிக்கெட் எடுங்கள். பேத்தி தவழ்வதற்கென்றே நடுவில் நாலடிக்கு நாலடி இடம் சமப்படுத்தி வைத்திருக்கிறேன்.

மகளுக்கு என் அன்பு. பேத்தி பல் முளைத்துப் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
மண்ணை வென்ற மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்தாள். "பிடுங்கின செடியெல்லாம் எங்க போட்டீங்க?" என்றாள். அவற்றை அரசாங்கத்தின் விஷக்கழிவுக் கிடங்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள், நினைவிருக்கிறது. ஆனால் ஒரு ஆணியைக்கூட வீணாக்காத கை இது. "பொடிப்பொடியா நறுக்கி, குழியில போட்டு மக்க வச்சு, அதே இடத்துலயே எருவாத் தூவிட்டேன். சமப்படுத்தின இடத்துல ரெண்டு கூடை கூடுதலா!" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நீங்கள் டிக்கெட் எடுக்கலாமாம், குழந்தையை மாடியிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமாம். பூட்டியது குழந்தைக்காக இல்லையாம், எனக்காகவாம்.