ஆவெண்டு நிண்ட நாள்

கடலிலை வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறவனோடை ஆரும் தொழிலுக்குப் போகக் கூடாது. நான் அப்பிடி ஒருக்கா நிண்டவன். அதாலை சொல்லுறன்.

யாழ்ப்பாணம் குருநகரிலை எனக்கு ஒரு சின்னப் போட் இருக்கு. மனிசியின்ரை தம்பி யூட் முதுகிலை சிலிண்டர் கட்டி, அடியிலை போய்க் கடலட்டை பொறுக்குவான். நான் மேலை. அவன் விடுற மூச்சு குமிழியாய் வரும். அதைப் பார்த்துப் பார்த்துத் துடுப்பு வலிச்சுப் பின்னாலை போகவேணும். அவ்வளவுதான் என்ரை வேலை. (மாடும் செய்யும் எண்டு யூட் சொல்லுவான்.)

எனக்குப் பிறெசர் ஏறீட்டுது. கிளினிக்கிலை ஒரு இளம் டொக்டர் பிள்ளை சொன்னா:

“ஐயா, குளிசையை விழுங்கினால் மட்டும் காணாது. ஒவ்வொரு நாளும் எதையாவது பார்த்து ஆவெண்டு அதிசயப்பட்டு நில்லுங்கோ. மனம் ஆறும்.”

மனிசி றோசலின் அதையும் மருந்தாய் எடுத்திட்டாள்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கு அதிசயப்பட்டியளோ?”

இல்லை. சேவலைப் பார்த்தன். அது என்னைப் பார்த்தது. ரெண்டு பேருக்கும் ஒண்டும் வரேல்லை. முருங்கையைப் பார்த்தன். கறிதான் ஞாபகம் வந்தது.

அண்டைக்கு யூட் இறங்கி அரை மணித்தியாலத்துக்கு மேலை இருக்கும். மழை முகில் நடுவிலை பிரிஞ்சுது. வெயில் தூண் தூணாய்க் கடலிலை இறங்கிச்சுது. மாதா கோயில் பீடத்துக்கு மேலை கீறியிருக்கிற படம் மாதிரி. என்ரை வாய் தானாய்த் திறந்தது. தொப்பியைக் கழட்டினன். ‘றோசலினிட்டைச் சொல்லவேணும்’ எண்டு நினைச்சுக்கொண்டு கீழை பார்த்தன்.

குமிழி இல்லை.

இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம் இல்லை. நீரோட்டம் போட்டை எவ்வளவு தூரம் இழுத்ததெண்டு தெரியேல்லை. எஞ்சினைப் போட்டால், அவன் கீழை இருந்தால், விசிறி தலையை வெட்டும். போடாட்டில் போட் இன்னும் தள்ளிப் போகும். சிலிண்டரிலை காத்து முடியிற நேரம்.

துடுப்பை வலிச்சன். நங்கூரத்தைத் தண்ணிக்குள்ளை பிடிச்சு, ஸ்பானராலை அடிச்சன். கீழை இருக்கிறவனுக்குச் சத்தம் கேக்கும். அடிச்சன். திருப்பியும் அடிச்சன். ‘மாதாவே, அவனைத் தா. இனி முருங்கையைக்கூட நிமிந்து பார்க்கமாட்டன்.’

ஒண்டும் இல்லை.

பிறகு எனக்குப் பின்னாலை, நல்ல தூரத்திலை, ஒரு குரல்.

“அத்தான்! பூசைக்கோ மணி அடிக்கிறியள்?”

யூட். கடல் மட்டத்திலை தலை மட்டும். வெறும் சிலிண்டரைக் கட்டிப்பிடிச்சு மிதக்கிறான். ஏத்தி எடுத்தன். மூச்சு வாங்கி முடிச்சுத்தான் கேட்டான்:

“எங்கை பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்?”

“முகிலை.”

“எதை?”

“டொக்டர் சொன்னவ.”

முகத்துக் கண்ணாடியைக் கழட்டினான்.

“அத்தான், நீங்கள் குளிசையை மட்டும் போடுங்கோ.”

வீட்டிலை றோசலின் மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. நாலாம் நாள், “அதிசயப்படுறதெண்டால் கரையிலை நிண்டு படுங்கோ” எண்டாள்.

அதுக்குப் பிறகு நான் குமிழியிலை இருந்து கண் எடுக்கிறேல்லை. கீழை ஒரு மனிசன் மூச்சு விடுறான். அது வெள்ளையாய் ஏறி வந்து எனக்கு முன்னாலை உடையுது. திருப்பியும் வருது. இவ்வளவு காலமும் அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறன்.

அடுத்த கிளினிக்கிலை டொக்டர் பிள்ளைக்குச் சந்தோசம். “பிறெசர் குறைஞ்சிருக்கு ஐயா. எதைப் பார்க்கிறியள்?”

“குமிழி.”

அவ அதையும் கிளினிக் கொப்பியிலை எழுதினா.

யூட் இப்பவும் என்னோடைதான் வாறான். கண்ணாடி போட்டு, போட் விளிம்பிலை குந்தியிருந்து, குதிக்க முன்னம் கேப்பான்:

“அத்தான், மேலை பார்த்து முடிச்சாச்சோ?”

நான் ஒருக்கா வானத்தைப் பார்ப்பன். “ஓம்” எண்டு சொன்னால்தான் இறங்குவான்.